சாட்சிக் கையெழுத்து இல்லாத தாள்

ரூபன்,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, வாசலில் நனைந்து கிடந்த பேப்பரை எடுத்து வந்து, சமையலறை மேசையில் விரித்து, கடைசிப் பக்கத்தில் சிட்னியைத் தேடியதுதான். உலக நகரங்களின் வானிலை அங்கே பொடி எழுத்தில் இருக்கும். சிங்கப்பூருக்குச் சற்றுக் கீழே சிட்னி. பதினொரு டிகிரி, மழை. அதன் பிறகுதான் கேத்திலைப் போட்டேன். குளிர் நாளில் முழங்கால் உளைகிறது என்று நீ ஒருமுறை வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது வாய்தவறிச் சொன்னாய். அன்றிலிருந்து இங்கே ரானுயியில் வெயில் எறித்தாலும், அங்கே மழை என்று போட்டிருந்தால் எனக்கும் அது மழைநாள்தான்.

தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். இரண்டாம் வகுப்போடு யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன் நீ. உன் தமிழும் அந்த வகுப்பிலேயே நின்றுவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் இது பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து பெற்றோருக்கு நான் அடிக்கும் கடிதங்களில் ஒன்றாகிவிடும். அந்த மொழியில் எனக்கு மரியாதையாக ஒளிந்துகொள்ள நன்றாகத் தெரியும். ஆகவே மெதுவாக வாசி. விளங்காத சொல்லைத் தாண்டிப் போகாதே. சின்ன வயதிலிருந்து உன்னோடு ஆடுகிற தாவிட்டாவுக்குத் தமிழ் தெரியாது, அவனிடம் கேட்க முடியாது. எனக்கு ஃபோன் எடுத்துக் கேள். நீ எடுப்பதற்கு ஒரு சாட்டாவது இருக்கட்டும்.

உன் விளையாட்டை நான் விரும்பி ஏற்றவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். பத்து வயதில் முதல் தடவையாக ரக்பி லீக் ஆடிவிட்டு, சேறு காய்ந்த முகத்தோடு வந்து நின்றாய். இங்குள்ளவர்கள் அதைத்தான் ஃபுட்போல் என்கிறார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். ஒருவன்மேல் நான்கு பேர் விழுவதற்கு இவ்வளவு அழகான பெயரா என்று நான் கேட்டேன். இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் உன்னை மைதானத்தில் இறக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரிலேயே இருந்தேன். ஒருநாள் நல்ல மழையில் வாட்டசாட்டமான ஒரு பெண் வந்து, குடையின் பிடியால் கண்ணாடியில் தட்டி, உன் மகன் பந்தைப் பிடித்தவுடன் இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறானே, அங்கே யாரைத் தேடுகிறான் என்று கேட்டாள். அவள்தான் தாவிட்டாவின் தாய் மெலே. எங்கள் கார் எப்போதும் மைதானத்தின் இடது பக்கத்தில் நின்றது. அன்று இறங்கினேன். சப்பாத்து முழுவதும் சேறு. அதற்குப் பிறகு ஒரு விளையாட்டையும் நான் தவறவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிட்னிக் கிளப்பிலிருந்து உனக்கும் தாவிட்டாவுக்கும் அழைப்பு வந்தபோது உனக்குப் பத்தொன்பது. ஆறு வாரப் பயிற்சி முகாம். முடிவில் பிடித்துப்போன ஐந்தாறு பேரோடு ஒப்பந்தம் செய்வார்கள். அவ்வளவுதான் அந்தக் கடிதத்தில் இருந்தது. அதைச் சமையலறையில் நின்றபடியே நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். நான் விளங்காமல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மூன்று நாள் கழித்து சபையில் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, செல்வராணி அக்கா தன் மகனுக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்ததைச் சொன்னா. பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கட மகன் இன்னும் பந்தோடதானோ?” என்று கேட்டா. அவ அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் அப்படித்தான் படுகிறது. நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னேன்: “அவனுக்குச் சிட்னியில கொன்ட்ராக்ட் கிடைச்சிருக்கு அக்கா.”

அடுத்த ஞாயிறு உன்னை முன்னுக்கு அழைத்து நிறுத்தி, ஜெயரட்ணம் மாஸ்டர் நன்றி ஜெபம் பண்ணினார். ஒப்பந்தம் என்ற சொல்லை மட்டும் கடவுளிடம் மூன்று தடவை சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். ரோல்ஸும் கேக்கும் பரிமாறினோம். வீட்டுக்கு வரும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து நீ கேட்டாய்.

“அம்மா, இது காம்ப் மட்டும்தான். நான் இன்னும் சைன் பண்ணேல்ல. தெரியும்தானே?”

“நாளைக்குப் பண்ணத்தானே போறாய்,” என்றேன். அப்பா காரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இது எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்பே இருந்த நோய். உனக்கு நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பல்கலைக்கழகம் முடித்த வருடம் தாவரவியல் பகுதியில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் வேலை. என் ஐயா தெரு முழுக்க, மகள் விரிவுரையாளர் என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அதை ஐயாவாலும் வெளியில் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. இரண்டு மாதம் நான் தினமும் சேலை உடுத்தி, பையைத் தூக்கிக்கொண்டு, எட்டு மணி பஸ் ஏறி, ஒரு சிநேகிதி வீட்டில் மத்தியானம்வரை இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வழியில் யாராவது இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டால், பாசிகள் என்பேன். இன்னொருவர் ஆசைப்பட்டுச் சொன்ன பொய்க்குள் குடியிருப்பது என்னவென்று எனக்குத் தெரியும், ரூபன். தெரிந்துகொண்டே உன்னை அதற்குள் இருத்தினேன்.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்லவேண்டும். முகாமுக்குப் போகிறவர்களுக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு என்று முதலில் கேட்டவள் மெலேதான். அவள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். ஆங்கிலக் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவாள். ஆனால் அவளுடைய தம்பி ஒருவன் முன்பு இப்படிப் போய்த் தோள் உடைந்து, ஒரு விமான டிக்கெட்டோடு திரும்பி வந்தவன். ஒப்பந்தம் இல்லாத பையன் கிளப்பின் ஆள் அல்ல என்பதை அவள் அப்போதே படித்துக்கொண்டாள். ஓடச் சொல்வார்கள், மோதச் சொல்வார்கள். விழுந்தால் மட்டும் அவன் விருந்தாளி. அவள் சிட்னிக்கு மூன்று தடவை ஃபோன் எடுத்தாள். கடிதம் இல்லாவிட்டால் என் மகன் விமானம் ஏறமாட்டான் என்றாளாம். இந்தப் பொம்பிளை பையனின் வாய்ப்பைக் கெடுக்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். கிளப்பில் யாரும் கோபிக்கவில்லை. கேட்கிற பையன்களுக்கு எழுதித் தருகிறோம் என்றார்கள்.

நீயும் கேட்டாய். யாரும் சொல்லித்தராமல், நீயாக ஃபோன் எடுத்துக் கேட்டாய். அதற்காக நான் உன்னை அப்போது பாராட்டவில்லை, இப்போது பாராட்டுகிறேன். இரண்டு பக்கத் தாள் தபாலில் வந்தது. முகாமில் காயப்பட்டால் குணமாகும்வரை வைத்தியச் செலவு கிளப்புடையது, அந்தப் பருவம் முடியும்வரை கைச்செலவுக்கு ஒரு தொகையும் கிடைக்கும். பாண் துகள்களைக் கையால் தள்ளிவிட்டு, அதே மேசையில் நீ உன் கையெழுத்தைப் போட்டாய். இருபது வயது ஆகாததால் தாய் தகப்பனில் ஒருவரும் கையெழுத்திடவேண்டும். அதை ஒரு ஜே.பி., அதாவது சமாதான நீதவான், பார்த்திருந்து சாட்சி வைக்கவேண்டும். “அம்மா, இதை நீங்கள் பாத்து அனுப்புங்கோ,” என்று தந்துவிட்டுப் பயிற்சிக்கு ஓடினாய். நான் ஓம் என்றேன்.

ஜே.பி. என்றால் எங்களுக்கு ஜெயரட்ணம் மாஸ்டர்தான். பாஸ்போட் படிவம், சான்றிதழ்ப் பிரதி எதுவென்றாலும் ஒனிஹங்காவில் அவருடைய வீட்டு முன்னறைக்குத்தான் எல்லாரும் போவோம். வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவர் அல்ல. ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டி, உதடு அசைய வாசிப்பார். அந்தத் தாளின் முதல் வரியே, இதில் கையெழுத்திடுபவருக்கும் கிளப்புக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் கடவுளிடம் மூன்று தடவை ஒப்பந்தம் என்று சொன்ன மனிதரின் விரல் அந்த வரியில் நிற்பதை நான் நினைத்துப் பார்த்தேன்.

வேறு வழி இல்லாமல் போகவில்லை. ஹென்டர்சன் நூலகத்தில் சனிக்கிழமைகளில் ஒரு ஜே.பி. மேசை போட்டிருப்பார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் எத்தனை பேரை நானே அங்கே அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளின் சுற்றுலாப் படிவத்தில் கையெழுத்திடாத தாய்மாரை ஃபோனில் கூப்பிட்டு ஏசுவதுதான் அங்கே என் வேலை. அந்த முதல் சனிக்கிழமை நான் போனேன், ரூபன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். அதில் ஒருவர் செல்வராணி அக்காவின் கணவர். என்ன விஷயம் என்று கேட்டார். புத்தகம் எடுக்க வந்தேன் என்று சொல்லி, கைக்கு வந்த ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த சனிக்கிழமை உன் பெட்டியை அடுக்கினேன். புறப்படப் போகிற பிள்ளையின் கால் கை முறிவதைப் பற்றிக் கையெழுத்து வைப்பது அபசகுனம் என்று எனக்கு நானே சொன்னேன். தாவரவியல் படித்தவள் சொன்ன சாட்டு அது. கடைசித் திகதி ஒரு புதன்கிழமை. அன்று நான் வேலைக்குப் போனேன், வந்தேன், கறி சமைத்தேன்.

விமான நிலையத்துக்குச் சபையில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அது எங்கள் வழக்கம். ஒருவர் புறப்பட்டால் பத்துக் கார் போகும். மாஸ்டர் உன் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார். நீ என்னைப் பார்த்து, “அம்மா, பேப்பர் அனுப்பிட்டீங்கள்தானே?” என்று கேட்டாய். என்ன பேப்பர் என்று மாஸ்டர் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பேப்பர் என்று அவரிடம் சொன்னேன். உன்னிடம் ஓம் என்றேன். ஒரே மூச்சில் இரண்டு பேருக்கு இரண்டு பொய். நீ நிம்மதியாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாய்.

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை பின்னேரம் உன் ஃபோன் வந்தது. முழங்கால் திரும்பிவிட்டது, உள்ளே ஏதோ அறுந்த சத்தம் உனக்கே கேட்டது என்றாய். முகாம் டொக்டர் கட்டுப் போட்டார், ஒபரேஷன் வேண்டும் என்றார். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். நீ அந்தத் தாளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய்.

“ஒஃபீசில அப்பிடி ஒண்டும் வரேல்ல எண்டினம். தபால்ல துலைஞ்சிருக்கும் அம்மா. உங்கட பிழை இல்லை.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூச்சு எடுத்துவிட்டேன்கூட. பிறகு சொன்னேன்: “ஓம் ராசா. துலைஞ்சிருக்கும்.”

தபாலில் அது தொலையவில்லை. தபாலுக்கே போகவில்லை. கேக் தட்டுகள் வைக்கிற மேல் அலுமாரியில், அது வந்த உறையிலேயே, உன் கையெழுத்தோடு இருக்கிறது. என் கையெழுத்து வரவேண்டிய இடமும் அதற்குக் கீழே சாட்சி இடமும் வெறுமையாக இருக்கின்றன. உனக்கு ஒரு துரோகம் நடந்தது என்று நீ நினைக்கவே இல்லை. தபால்காரன் யாரோ ஒருவனை மன்னித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாய். ஏழு மாதமாக அந்த மன்னிப்பை நான் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ வராமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இங்கே வந்தால் அரசாங்கத்தின் விபத்து உதவியில் ஒபரேஷன் செய்யலாம் என்று எத்தனை தரம் சொன்னேன். நாள் போகப் போக அந்த மூட்டு பழுதாகும், பிறகு செய்தாலும் பழையபடி ஓட முடியாது என்று உன் டொக்டரே சொல்லியிருக்கிறார். நீயோ ஒரு சாமான் கிடங்கில் ஃபோன் எடுக்கிற வேலையில், காலை ஒரு பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாயாம். மெலே சொன்னாள். உன்னைப் பற்றிய செய்தி எனக்கு அவள் வழியாகத்தான் வருகிறது. தாவிட்டாவுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. முகாமில் அவனுக்கு ஒரு கீறலும் படவில்லை. அவனுடைய தாள் ஒரு தேவையும் இல்லாமல் எங்கோ ஒரு கோப்பில் கிடக்கிறது. அதற்காக மெலே மேல் எனக்குப் பொறாமை வந்த நாள்களும் உண்டு. அவள் எதையும் மறைத்துச் சொல்லத் தெரியாதவள். ரூபன் படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறான் என்று போன வாரம் பேக்கரி வரிசையில் நின்று சொன்னாள். நான் பாணை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று ஈஸ்டர் நேரம் நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் மறக்கவில்லை. “வந்து என்னெண்டு சொல்லுறது அம்மா? எயர்போட்டுக்கு எல்லாரும் வருவினம்.” அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். மாஸ்டர் இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும், தம்பியை எப்ப டிவியில பாக்கலாம் என்று கேட்கிறார். ரிசர்வ் அணியில் ஆடுகிறான் என்று அப்பா ஒருமுறை சொல்லிவைத்தார், பாவம். என் பொய்க்கு அவர் முட்டுக்கொடுக்கிறார். தாள் அனுப்பாத கதை அவருக்கும் தெரியாது.

இந்தக் குளிரில் இரண்டு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். காரை வழக்கமான இடத்தில் விட்டுவிட்டு உள்ளேயே இருந்தேன். பத்து வயதுப் பையன்கள் சேற்றில் விழுந்து எழும்பினார்கள். பந்தைப் பிடித்தவுடன் இடது பக்கம் பார்க்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கெல்லாம் தாய்மார் வேறு பக்கங்களில் நின்றிருப்பார்கள். உன் குரலைவிட உன் காலடிச் சத்தத்தைத்தான் நான் அதிகம் தேடுகிறேன். பின்கதவால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் இரண்டு அடி வைத்து, பிறகு ஞாபகம் வந்து, திரும்பிப் போவாயே, அந்தச் சத்தம். எப்போதும் அதற்கு ஏசினேன்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்றாலும் தாய் என்பதால் சொல்லித்தான் தீருவேன். இன்னும் இல்லை என்று சொல்ல வெட்கப்படாதே. எங்கள் ஆட்களுக்கு மிகவும் கடினமான வார்த்தை அதுதான். பரீட்சை எழுதியவன் பாஸ் என்போம், விசா கேட்டவன் கிடைத்துவிட்டது என்போம், பெண் பார்த்தவன் கலியாணம் என்போம். பிறகு அந்தச் சொல்லுக்குச் சமமாக வாழ்க்கையை இழுத்துக் கட்டிக்கொண்டு திரிவோம். உன் உடம்பைக் கேட்கிறவனிடம், அது உடைந்தால் என்ன செய்வாய் என்று உடையும் முன்பே கேள். கேட்டதற்காக உன்னை வேண்டாம் என்பவன், விழுந்த பிறகும் அதைத்தான் சொல்லப்போகிறான். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஒரு தாளைத் தந்து இதை அனுப்புங்கோ என்றால், அன்றைக்கே அனுப்பு. வேறு யாரிடமும் கொடுக்காதே. படித்த தாயிடம் கொடுக்கவே கொடுக்காதே.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். தபால்காரன்மேல் வராமல் போன கோபம் அது, எனக்குச் சேரவேண்டியது. நீ ஃபோன் எடுத்து ஏசினாலும் சரி, ஒரு மாதம் எடுக்காமல் விட்டாலும் சரி, அதற்காக உன்னை வா என்று கேட்பதை நான் நிறுத்தமாட்டேன்.

நான் செய்யப்போவதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் தனியே ஒனிஹங்காவுக்குப் போகிறேன். நூலகத்துக்கு அல்ல. மாஸ்டரின் முன்னறையில் இருந்து ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்திடப் போகிறேன்: என் மகன் முகாமுக்குப் போகும் முன்னரே இதைக் கேட்டு வாங்கினான், தன் கையெழுத்தைப் போட்டான், என்னிடம் தந்தான், ஒப்பந்தம் கிடைத்துவிட்டது என்று நான் சபையில் பொய் சொல்லியிருந்ததால் அதை அனுப்பாமல் வைத்திருந்தேன், அவன் முழங்கால் அந்த முகாமில்தான் திரும்பியது. தாளையும் அதையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் கிளப்புக்கு அனுப்புவேன். அவர்கள் ஏற்காமல் விடலாம். திகதி எப்போதோ போய்விட்டது. ஆனால் கேட்கப்போகிறேன். உன் முழங்காலைப் பற்றி மாஸ்டர் அந்தக் கடதாசியில் வாசிப்பதற்கு மேல் ஒரு சொல்லும் நான் வாயால் சொல்லமாட்டேன். அது உன்னுடையது, நீ விரும்பினால் விரும்பியவருக்குச் சொல்லு. என்னுடைய பொய்யை மட்டும் நான் திருப்பி எடுக்கிறேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசிப்பார். நேரம் எடுக்கும். அதன் பிறகு நீ வரும் நாளில் விமான நிலையத்துக்கு எத்தனை கார் வந்தாலும், வராவிட்டாலும், நீ யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வேண்டாம் அம்மா என்று நீ சொல்லுவாய். அதனால்தான் ஃபோனில் சொல்லாமல் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன்னிடம் வந்துசேர ஐந்து நாள் ஆகும். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

அம்மா